அரை மூச்சு முன்னால்

என் உழைப்பு வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பின்பக்கமாக ஓடியே கழித்திருக்கிறேன். பந்து எதிரே வருகிறது. கோல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் நான், முட்டியை மடக்கி, கைகளை விரித்து, பார்வையை முன்னால் வைத்துவிட்டுக் கால்களை மட்டும் பின்னால் அனுப்பிக்கொண்டிருப்பேன். கால்பந்தில் ஸ்டாப்பர் பேக் என்றால் அதுதான் வேலை. முப்பத்தேழு வயதில் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அப்போதெல்லாம் வங்கிப் படிவத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதினால் கவுன்டரில் இருக்கிற பெண் நிமிர்ந்து என் தலைமுடியைப் பார்ப்பார். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். முடியும் ஒத்துழைக்கிறது. யாரும் நிமிர்வதில்லை.

போன மாதம் அயனம்பாக்கத்தில், எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், பெரிய திரை கட்டி ஒரு வெளிநாட்டு ஆட்டம் பார்த்தோம். ஒரு கோல் விழுந்தது. கூடமே எழுந்து குதித்தது. பிறகு ஆட்டம் நின்றது. திரையில் நீலமாய் ஒரு கோடு, சிவப்பாய் ஒரு கோடு. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அடித்தவனின் தோளையும் தடுத்தவனின் குதிகாலையும் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். சுண்டல் தட்டோடு நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து நின்றோம். கடைசியில் கோல் இல்லை என்றார்கள். மூன்றாம் மாடி பாஸ்கர் என் பக்கம் திரும்பி, “உங்க காலத்துல இந்தக் கோட்டை யார் சார் போட்டாங்க?” என்று கேட்டார்.

நாங்கள்தான் போட்டோம் என்றேன். அவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் என்னோடு லிஃப்டில் ஏறி இறங்கியது. அதே வாரம் எங்கள் பழைய கிளப்பில் இப்போது பின்வரிசையில் ஆடுகிறவர்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார்கள். சரி, கோடு போட்ட கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளை. அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, ஊர் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்து வீடு கோயம்புத்தூர், எதிர் வீடு தஞ்சாவூர், மூலை வீடு மதுரை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பந்து ஒன்று, தமிழ் ஏழெட்டு. எல்லாருக்கும் கோல் போட ஆசை. நான் உயரம் என்பதால் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். போய் நின்றேன். பள்ளிக்கூடம், கல்லூரி, மாவட்டம் என்று மைதானங்கள் மாறின. நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

அந்தக் காலத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு ஒரே ஒரு கனவுதான். ஏதாவது ஓர் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும், காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் மைதானத்துக்குப் போகலாம், கால் போனாலும் நாற்காலி இருக்கும். ஆட்டமே வேலை என்பதை எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்போதுதான் பாடியில் பவுண்டரி வைத்திருந்த ஒரு முதலாளி, கால்பந்துப் பைத்தியம் முற்றி, ஒரு கிளப்பை எடுத்து நடத்த ஆரம்பித்தார். இருபது பேரைக் கூப்பிட்டு, இனிமேல் ஆடுவது ஒன்றுதான் உங்கள் வேலை, வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றார். தட்டச்சு செய்த ஒப்பந்தம். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் பேனாவால் சேர்க்கப்பட்டிருந்தது: ஒப்பந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் இரண்டாம் முறை பாயசம் வாங்கக் கூடாது.

அப்பா அதை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “ஏல, காலு ஓடுற வரைக்கும்தான இந்த வேல? அதுக்கப்புறம்?” என்றார். அம்மா மட்டும் பாயசக் கட்டுப்பாடு ரொம்ப நல்லது என்றாள்.

பூந்தமல்லியில் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்கு எந்த ஷிஃப்ட் என்று பெண்ணின் அப்பா கேட்டார். கூட வந்த தரகர் யோசிக்கவே இல்லை. தொண்ணூறு நிமிஷ ஷிஃப்ட், நடுவில் பதினைந்து நிமிஷம் ரெஸ்ட் என்றார். உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, கைக்குட்டையில் பாதி அமுங்கி, பாதி தப்பித்து. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதும் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தால் ஷிஃப்ட் முடிந்ததா என்று கேட்கிறாள்.

பாயச வரியைப் பேனாவால் எழுதியவர் எங்கள் கோச், டேனியல் சார். அறுபதை நெருங்கிய மனிதர், ஒல்லி, செருப்புக் கால், கையில் எப்போதும் கறுப்புக் குடை. மழைக்கும் வெயிலுக்கும் அதை விரித்து நான் பார்த்ததில்லை. அதன் முனை அவருக்குப் பேனா. மைதானத்தின் சிவப்பு மண்ணில் அந்த முனையால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அதன்மேல் எங்களைப் பதினைந்து அடிக்கு ஒருவராக நிறுத்துவார்: ரைட் பேக், இரண்டு ஸ்டாப்பர், லெஃப்ட் பேக். முதல் மூன்று மாதம் எங்கள் பெயரை அவர் கேட்கவே இல்லை. நின்ற இடம்தான் பெயர்.

கோடு எதற்கு என்று பாஸ்கருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். எதிரணி ஆள் பந்தை முன்னால் தூக்கிப் போடும் அந்த நொடியில், பந்தை வாங்கப்போகிற அவனுடைய கூட்டாளி எங்கள் நால்வரையும் தாண்டி கோல்கீப்பரோடு தனியாக நின்றால், அது ஆஃப்சைடு. கோட்டோரம் இருக்கும் துணை நடுவரின் கொடி மேலே போகும். கோல் செல்லாது. ஆகவே, பந்து காலைவிட்டுக் கிளம்பும் சமயம் பார்த்து நாங்கள் நால்வரும் ஒரே வீச்சில் முன்னால் ஏறிவிட்டால், அந்த ஆள் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வான். அவனை யாரும் தொட வேண்டாம், தள்ள வேண்டாம். ஆனால் நால்வரில் ஒருவன் ஒரே ஒரு எட்டு பின்தங்கினாலும் போச்சு. பின்தங்கியவனின் நிழலில் அவன் பத்திரமாக நிற்பான், கோலும் செல்லும்.

இதற்காக டேனியல் சார் பாடி லாரி ஷெட்டிலிருந்து ஒரு தார்ப்பாய்க் கயிறு வாங்கிவந்தார். நால்வர் இடுப்பிலும் கட்டி, ஒருவருக்கொருவர் பதினைந்து அடி விட்டு, ஏறு என்றால் ஏற வேண்டும், இறங்கு என்றால் பின்பக்கமாக இறங்க வேண்டும். ஒருவன் தாமதித்தால் மற்ற மூவரும் மாடு கட்டின மாதிரி நின்றுபோவோம். முதல் வாரம் நாங்கள் விழாத இடம் மைதானத்தில் இல்லை. வேலியோரம் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள், இன்னா வாத்தியாரே, லோடு சரியுது என்று டேனியல் சாரைக் கேலி செய்வார்கள். அவர் திரும்பவே மாட்டார். கோட்டுக்கு நேராக மைதான ஓரத்தில் பக்கவாட்டில் நகர்ந்தபடி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் எட்டுக் கால்களை மட்டும் பார்ப்பார். திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. தப்பு நடந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார். அரை மணி நேரமானாலும் காத்திருப்பார். திட்டே தேவலை என்று இருக்கும்.

இரண்டு மாதத்தில் கயிறு அவிழ்ந்தது. ஆனால் இடுப்பில் அது இருப்பதாகவே உடம்பு நம்பியது. கூப்பிடும் வேலை எனக்கு. எல்லா அணிகளிலும் வழக்கம் அதுதான், நடுவில் நிற்கும் ஸ்டாப்பர்தான் குரல் கொடுப்பான். ‘ஏறு!’ என்று நான் ஒரு சத்தம் போட்டால் அது கோயில் மணி மாதிரி போய் இரண்டு பக்கமும் தொட்டுத் திரும்பும். அந்தக் குரல்மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒப்பந்தம் என் காலுக்கா, குரலுக்கா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எனக்கு இடது கைப்பக்கம் லெஃப்ட் பேக், செல்வம் அண்ணன். பாடிக்காரர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். லேத் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். என் திருநெல்வேலித் தமிழை அவர் அளவுக்குக் கிண்டல் செய்தவர் யாரும் இல்லை. நான் ‘அங்கன’ என்றால், “அங்கனன்னா இன்னா நைனா, ஆந்திராவா?” என்பார். பந்தை எடுத்துப் போகிறவன் அவரைத் தாண்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் மாதிரி இருப்பார், கடைசி நொடியில் கால் ஒன்று நீளும், பந்து அவரிடம் இருக்கும்.

சீசன் பாதியில்தான் கவனித்தேன். பஸ்ஸில் ஏறும்போது அவர் எப்போதும் இடது காலையே முதலில் வைத்தார். பிறகு மைதானத்திலும் கண்டுகொண்டேன். பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் உடம்பைச் சட்டென்று முன்னால் திருப்ப வேண்டிய இடத்தில் அவருடைய வலது முட்டி ஒரு நொடி பூட்டிக்கொள்ளும். திறந்துவிட்டால் சிறுத்தைதான். ஆனால் அந்த ஒரு நொடி, எங்கள் தொழிலில் ஒரு வருஷம்.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று செய்தேன். கூப்பிட வேண்டிய நேரத்துக்கு அரை மூச்சு முன்னாலேயே கூப்பிட ஆரம்பித்தேன். முட்டி பூட்டித் திறந்து அவர் கிளம்புவதற்கும், பந்து கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. மற்ற இருவரையும், கொஞ்சம் பொறுத்துத் தாவுங்கள், கால் வழுக்குகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கோடு நேராக ஏறியது. கொடிகள் எழுந்தன. மூன்று மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. டேனியல் சார் மட்டும் ஒருநாள், “உன் குரல் ஏன் அவசரப்படுது?” என்றார். காற்று அடிக்கிறது சார், சத்தம் போய்ச் சேர நேரமாகிறது என்றேன். அவர் வேலியோரம் இருந்த தென்னையை அண்ணாந்து பார்த்தார். ஓலை ஒன்றும் அசையவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

சீசனின் கடைசி ஆட்டம் நகரத்துப் பெரிய ஸ்டேடியத்தில். டிரா செய்தாலே முதல் டிவிஷனில் தங்கிவிடுவோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஆட்டம் முடிந்த மறுவாரம் அடுத்த வருஷத்துக்கு யார் யார் என்று டேனியல் சார் பட்டியல் எழுதித் தருவார், முதலாளி கையெழுத்துப் போடுவார். அன்று காலையில் டீக்கடையில் செல்வம் அண்ணன் கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “பட்டறைல என் மிசினுக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க நைனா. லிஸ்ட்ல என் பேரு இல்லன்னா நான் எங்க போய் நிப்பேன்னே தெர்ல.” சொல்லிவிட்டு உடனே என் வேட்டியின் சாயத்தைப் பற்றி ஏதோ கேலி பேசினார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த அரை நிமிடம்தான்.

எதிரணியில் பத்தாம் நம்பர் ஆள் ஒருவர். வழுக்கை, ஒல்லி, ஓடவே மாட்டார். நடந்துகொண்டே ஆட்டத்தை நடத்துவார். முதல் கால் மணி நேரம் அவர் பந்தைப் பார்த்ததைவிட என் வாயைப் பார்த்ததுதான் அதிகம். பிறகு புரிந்தது. நான் ‘ஏறு’ என்றேன். பந்தைத் தூக்கிப் போடக் காலைப் பின்னால் இழுத்தவர், போடவில்லை. பந்தின் மேல் காலை வைத்து, ஒன்று எண்ணும் நேரம் சும்மா நின்றார். நாங்கள் ஏறிவிட்டோம். அவருடைய ஃபார்வர்ட் நிதானமாக இரண்டு எட்டு இறங்கி எங்களோடு சமமாக வந்தான், மறுபடி திரும்பி ஓடினான். அப்போதுதான் பந்து வந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் மைதானம் முழுவதும் அவனுக்கு வெட்டவெளி. கோல். வழுக்கைப் பத்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என்னுடைய அரை மூச்சு அவருக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்த தடவை சரியான நேரத்துக்குக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டால் செல்வம் அண்ணன் பின்னால் தனியாக நிற்பார், ஸ்டேடியம் முழுவதும் பார்க்கும், டேனியல் சார் பார்ப்பார். கூப்பிடவில்லை. மறுபடியும் அரை மூச்சு முன்னால்தான் கூப்பிட்டேன். மறுபடியும் அவர் பந்தை நிறுத்தினார். அந்தப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதற்கு நான் எந்தச் சாமிக்கும் இன்னும் தேங்காய் உடைக்கவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு எங்கள் ஆள் ஒருவன் கார்னரில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளை. சிமெண்ட் தரை, மர பெஞ்ச், ஆரஞ்சுச் சுளை. டேனியல் சார் நேராக என் முன்னால் வந்து நின்றார். ஏன் முன்னாலேயே கூப்பிடுகிறாய் என்றார். காற்று சார் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

“சரியா கூப்பிட்டா, நாலு பேர்ல யார் பின்னால நிப்பா?”

காத்திருந்தார். பதினைந்து நிமிட இடைவேளையில் அந்த மனிதர் காத்திருந்தார். அணி முழுவதும் மெல்லுவதை நிறுத்திவிட்டது. ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளையை நான் அவ்வளவு உன்னிப்பாக அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கடைசியில், நான்தான் சார், எனக்குத்தான் இடுப்பில் பிடிப்பு, திரும்ப நேரமாகிறது என்றேன்.

“அப்போ நீ உட்காரு” என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் இருந்த மாற்று ஸ்டாப்பரின் பக்கம் குடையை நீட்டினார்.

“அவன் உடான்ஸ் உடறான் சார்.” செல்வம் அண்ணன் எழுந்து நின்றிருந்தார். “காலு என்னுது. மூணு மாசமா என் முட்டிக்காக அவன் முன்னாடியே கொரல் குடுத்துகினு கீறான். எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் கம்முனு இருந்தேன். அத்த என் பேர்ல எழுதிக்கோங்க, அவனத் தூக்காதீங்க.”

அவருக்குத் தெரியாது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! மூன்று மாதம் நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக எனக்குள் ஒரு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு குரலிலும் அந்த அரை மூச்சை எண்ணிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

டேனியல் சார் குடையை இறக்கினார். பேனாவை எடுத்துப் பெயரை அடித்துவிடுவார் என்றே எல்லாரும் நினைத்தோம். அவர் செல்வம் அண்ணனின் முட்டியைப் பார்த்து, அதனிடமே கேட்பவர் போல, பூட்டுத் திறக்கப்போவது முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார், உள்ளே ஒரு கொக்கி கழலுகிற மாதிரி இருக்கும், அப்புறம் யாராலும் பிடிக்க முடியாது என்றார் அண்ணன். வெளியே பார்க்கிறவனுக்கு அது தெரியுமா என்று கேட்டார் சார். பதினைந்து வருஷமாக என் வீட்டுக்காரிக்கே தெரியாது என்றார் அண்ணன். யாரோ சிரித்துவிட்டார்கள். டேனியல் சார் சிரிக்கவில்லை.

“அப்போ நீ கூப்பிடு. முன்னாலேயே சத்தமில்லாம திரும்ப ஆரம்பி, கொக்கி கழண்டு பந்தும் கிளம்பறப்போ கூப்பிடு. மத்த மூணு பேருக்கும் கால் நல்லா இருக்கு, அவங்க வருவாங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ வாயை மூடிக்கோ.”

அவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் ஓரத்தில் நிற்கிற லெஃப்ட் பேக் குரல் கொடுப்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் வலித்தது என் குரல் போனதுதான். அடுத்த கவலை, மறுகோடியில் இருக்கும் ரைட் பேக்குக்குக் கூட்டச் சத்தத்தில் அது கேட்குமா என்பது. என் தோளைப் பார், அது அசைந்தால் கிளம்பு என்று அவனிடம் சொன்னேன்.

இரண்டாம் பாதியில் முதல் தடவை பந்து வழுக்கைப் பத்தின் காலுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல என் வாயைப் பார்த்தார். மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தார். நான் மைதானத்தில் முதல்முறையாக உதட்டை இறுக்கி நின்றேன், பாயசக் கல்யாணத்தில் நிற்பவன் மாதிரி. அவர் காத்துப் பார்த்துவிட்டு, சரி என்று பந்தைத் தூக்கிப் போடக் காலை வீசினார். வீசிய அந்தக் கணத்தில் இடது ஓரத்திலிருந்து ஒரு சத்தம்:

“ஏறு மாமே!”

ஏறினோம். கொடி மேலே. ஃபார்வர்ட் திரும்பிப் பார்த்தான், அவனுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை, நாங்கள் நால்வரும் ஒரே வரிசையில் அவனுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம்.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? செல்வம் அண்ணன் முட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பதை யாரும் பார்க்க முடியவில்லை. குரல் வரும்போது நாலு பேரும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தோம். நாலு உடம்பு, எட்டுக் கால், ஒரு கொக்கி. தடுப்பாட்டத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கோல் போடுகிறவன் தனியாகப் பறப்பான். நாங்கள் நால்வரும் சேர்ந்து, தரையைத் தொட்டபடியே பறந்தோம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு புது விளிப்பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஏறு மச்சான். ஏறு ராஜா. ஒருமுறை, ஏறு ஆந்திரா.

கடைசி நிமிடத்தில் எங்கள் வலைக்குள் ஒரு பந்து போனது. ஸ்டேடியம் எழுந்தது. நான் திரும்பித் துணை நடுவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் பிடரியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்கள். அண்ணன். “பாரு நைனா, கொடி நிக்குது.” நின்றது. நேராக, விறைப்பாக, அசையாமல். காற்று அன்றும் அடிக்கவில்லை.

ஆட்டம் டிரா. வெளியேறும் வழியில் வழுக்கைப் பத்து என் தோளில் கை போட்டு, தொண்டை சரியில்லையா, பனங்கற்கண்டு போட்டுப் பால் குடியுங்கள் என்றார்.

மறுவாரம் பட்டியல் ஒட்டினார்கள். டேனியல் சாரின் சாய்ந்த கையெழுத்து. பெயர்களுக்கு எதிரே ஆடும் இடம். செல்வம் அண்ணனின் பெயருக்கு எதிரே ‘லெஃப்ட் பேக்’ என்று எழுதி, பக்கத்தில் ‘கூப்பிடுபவர்’ என்றும் எழுதியிருந்தார். அண்ணன் அதை விரலால் தொட்டுப் படித்தார். “இரு, ஊட்ல சொல்லிட்டு வந்துர்றேன்” என்று போனவர், வாசலிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை படித்துவிட்டுப் போனார். இன்னும் இரண்டு சீசன் ஆடினார். பிறகு பாடியிலேயே சொந்தமாக ஒரு லேத் போட்டார்.

அவருக்குப் பின் குரல் நடுவுக்கே திரும்பிவந்தது. சில வருஷம் நான் கூப்பிட்டேன். பிறகு அம்பத்தூரிலிருந்து பிரகாஷ் என்று ஒருவன் வந்தான். மின்சாரம் மாதிரிக் கால். அவனை நடுவில் நிறுத்தி என்னை இடது ஓரத்துக்கு நகர்த்தினார்கள். கூப்பிடும் வேலையும் அவனுக்குப் போயிற்று. ஒரு சீசன் முழுவதும் எங்கள் கோடு நூல் பிடித்த மாதிரி ஏறியது. முப்பத்தைந்து வயதிலும் இந்தக் கால் எப்படி ஓடுகிறது பார் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். மனைவி மட்டும் இடுப்புக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு மாலை, பயிற்சியில், பந்து தூக்கிப் போடுகிறவன் ஷூ லேஸ் அவிழ்ந்து ஒரு கணம் நின்றுவிட்டான். பந்து இன்னும் அவன் காலடியில். ஆனால் பிரகாஷின் குரல் வந்துவிட்டது, நானும் திரும்பத் தொடங்கிவிட்டேன். மற்ற இருவரும் கிளம்பாமல் பொறுத்து நின்றார்கள்.

அந்த அரை மூச்சை எனக்குத் தெரியாதா? அதைச் செய்தவனே நான்தானே.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன்டா முன்னாலேயே கூப்பிடுகிறாய் என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், “காத்துண்ணே” என்றான்.

சிரித்தேன். வாய்விட்டு, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துவர ஓடினான். சிரிப்பு அடங்கியதும் உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கீழே உட்கார்ந்தது. அப்பா அன்று கேட்ட அந்த ‘அதுக்கப்புறம்’ வந்துவிட்டது.

டேனியல் சார் மைதான ஓரத்தில் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுபதுக்குப் பக்கம் வந்துவிட்டிருந்தார். நேரே போய், சார், லைன்ல லேட் நான்தான் என்றேன். சொல்ல மூன்று நொடிகூட ஆகவில்லை. அதை இருபது பேர் பார்க்கும் அறையில் எழுந்து நின்று சொன்னவரை நினைத்துக்கொண்டேன்.

“தெரியும், ஒரு சீசனா” என்றார் அவர்.

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே சார் என்றேன்.

“செல்வம் தானா சொன்னான். நீயும் தானா சொல்லுவேன்னு நின்னேன்.” செருப்பை மாட்டிக்கொண்டார். “நாளைலேருந்து நீ கூப்பிடு. பிரகாஷை வாயை மூடச் சொல்லு.”

பஸ்ஸில் வரும்போது செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். லேத் சத்தத்துக்கு மேல் அவர் சிரித்தது ஜன்னலோர ஆளுக்கும் கேட்டது. “வா நைனா, வா. அந்த ஓரத்துல நின்னு கொரல் குடுத்துப் பாரு, கிரவுண்டு மொத்தமும் தெரியும்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். மறுநாள் இடது கோட்டோரம் கூப்பிடுபவனாக நின்றபோது நான் இத்தனை வருஷம் பார்க்காத ஒன்று தெரிந்தது: மூன்று பேர், பக்கவாட்டில், ஒருவன் தோளுக்குப் பின்னால் இன்னொருவன் தோள், அதற்குப் பின்னால் இன்னொன்று, எல்லாம் என் குரலுக்காகக் காத்துக்கொண்டு. பந்து தூக்கிப் போடுகிறவன் காலைப் பின்னால் இழுத்தான். என் இடுப்பில் ஓரிடம் முரண்டு பிடித்தது. பொறு என்றேன் அதனிடம். முனகியது. பிறகு விட்டுக்கொடுத்தது.

“ஏறு!” என்றேன்.

மூன்று பேரும் போனார்கள். நானும் அவர்களோடு போனேன்.